முன்மூலையில் அடிபட்ட பழைய கார்: மட்கார்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி இது: 1960-களின் கார், தனிச் சேஸிஸ் இல்லாத மோனோகாக் கட்டமைப்பு. இடது முன்மூலையில் பலமான அடி. இடது மட்கார்டும் பானெட்டும் நசுங்கிவிட்டன, கிரில் உடைந்திருக்கிறது, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் பின்னுக்குப் போயிருக்கிறது, இடது கதவு திறக்கும்போது உரசுகிறது. வேறொரு காரின் மட்கார்டும் பானெட்டும் கைவசம் இருக்கின்றன. அவற்றை மாட்டினால் போதுமா, இல்லை இந்தக் காரையே விட்டுவிடலாமா?

மட்கார்டு, பானெட், கிரில் மூன்றையும் முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அவை போல்ட்டில் நிற்கிற சாமான்கள், கழற்றி மாற்றிவிடலாம். இந்தக் காரின் தலையெழுத்து ரேடியேட்டர் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது: முன்னோக்கி நீளும் இரண்டு ரயில்கள் (பெட்டி வடிவ இரும்புச் சட்டங்கள்), அவற்றின் மேல் நிற்கும் ஏப்ரன் தகடுகள் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்கள்), சஸ்பென்ஷன் மாட்டும் டவர்கள், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவர்), முன்கதவின் கீல் மாட்டியிருக்கும் கதவுத் தூண். அடி இந்த வழியில் எதுவரை போய் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் மதிப்பீடு. கதவு உரசுவது இரண்டில் ஒன்றைச் சொல்கிறது. மட்கார்டு பின்னால் தள்ளப்பட்டுக் கதவின் விளிம்பில் இடிக்கிறது, அல்லது தூணே நகர்ந்திருக்கிறது. முதலாவது சில்லறை வேலை. இரண்டாவது என்றால் காரை இழுவை பெஞ்சில், அதாவது காரை இறுக்கிப் பிடித்து வளைந்ததை இழுத்து நிமிர்த்தும் மேடையில், ஏற்றியாக வேண்டும்.

எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரிந்தால்தான் எது கழலும், எது வெட்டினால்தான் வரும் என்று சொல்ல முடியும். மாரிஸ் மைனரிலும் முதல் தலைமுறை மஸ்டாங்கிலும் முன் மட்கார்டுகள் போல்ட்டில் இருக்கின்றன. மினியில் மட்கார்டும் முன் பேனலும் வெல்டிங் செய்யப்பட்டவை. சின்ன அடிக்கே வெட்டும் வேலை வந்துவிடும். 1967–69 கமாரோவில் முன் ரயில்கள் தனிச் சப்ஃப்ரேமாக (துணைச் சட்டமாக) போல்ட்டில் மாட்டியிருக்கும், ஆகவே ரயில் வளையாமலே சப்ஃப்ரேம் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்திருக்க வாய்ப்புண்டு. ஜாகுவார் இ-டைப்பில் முன்பகுதி மெல்லிய குழாய்ச் சட்டம். அது வளைந்தால் நிமிர்த்துவதில்லை, சட்டத்தையே மாற்றுவார்கள்.

ஒரு போல்ட்டைக்கூடத் தொடும் முன் செய்ய வேண்டியது இடைவெளிகளைக் குறிப்பது. பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் இடையே, மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையே, பானெட்டுக்கும் கண்ணாடிக்குக் கீழுள்ள கௌல் பேனலுக்கும் இடையே, கதவின் பின்விளிம்பில், இப்படி ஒவ்வொரு இடைவெளியையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளக்கவும். டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதி இதற்கு நல்ல அளவுகோல்: 3, 4, 5, 6, 8 மி.மீ. பிட்டுகளை எடுத்துக்கொண்டு எது சரியாக நுழைகிறது என்று பார்த்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிப் படம் எடுத்துவிடுங்கள். அந்தக் காலக் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே ஒரே சீரான இடைவெளியோடு வரவில்லை. 4 முதல் 6 மி.மீ. வரை ஏறி இறங்கினால் பதற வேண்டாம். ஒரே இடைவெளி மேலே 2, கீழே 8 என்று ஆப்புப் போல விரிந்தால்தான் எதுவோ சாய்ந்திருக்கிறது. அடிபடாத வலது பக்கத்தையும் அதே கவனத்தோடு அளக்க வேண்டும். இடது மூலையில் விழுந்த அடி முன்பகுதி முழுவதையும் வலது பக்கம் தள்ளியிருந்தால் அதன் சாட்சி அங்கேதான் கிடைக்கும்.

கதவு விஷயத்தை இப்போதே தீர்த்துவிடலாம். கதவைப் பாதி திறந்து பின்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் முள் தேய்ந்திருக்கிறது. அது அடிக்குச் சம்பந்தமில்லாத வயோதிகம். ஆட்டம் இல்லையென்றால் இடது மட்கார்டைக் கழற்றிவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். சத்தமில்லாமல் மூடி, பூட்டு அதன் கொக்கியில் நேராக உட்கார்ந்து, பின்விளிம்பின் இடைவெளியும் சீராக இருந்தால் தூண் தப்பித்தது. பின்விளிம்பு மேலே மட்டும் நெருக்கினால் தூணின் மேல்பாதி பின்னால் சாய்ந்திருக்கிறது. அப்படியானால் முன்கண்ணாடிச் சட்டத்தின் மூலைகளையும், கூரையில் நடுத்தூணுக்கு மேலே உள்ள இடத்தையும் தாழ்ந்த கோணத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கூரையில் மெல்லிய அலை தெரிந்தால் அடி காரின் பாதி நீளத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். நீங்கள் கேட்ட ‘விட்டுவிடலாமா’ அப்போதுதான் நியாயமான கேள்வியாகிறது.

அடுத்தது பழைய அடிகள். அறுபது வயதுக் காருக்கு இது முதல் விபத்தாக இருக்க வாய்ப்புக் குறைவு. காந்தத்தைத் தகட்டின் மேல் ஓட்டுங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி (ஒடுக்கை நிரப்பும் பசை) இருக்கும். பெயின்ட் தடிமன் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: 100 மைக்ரானைச் சுற்றி வந்தால் ஒரே பூச்சு, 200–300 வந்தால் மறுபூச்சு, 1000-ஐத் தாண்டினால் கீழே பட்டிதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்தில் தகடுகள் சேரும் இடங்களைத் தொழிற்சாலையிலேயே ஈயம் உருக்கி நிரப்பினார்கள். அங்கேயும் காந்தம் தளரும், மீட்டர் எகிறும். ஆகவே இணைப்புக் கோட்டில் கிடைக்கும் அளவை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மட்கார்டின் வெற்று நடுப்பகுதியில் கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஈயமோ பழைய பெயின்ட்டோ உள்ள இடத்தைக் காய்ந்த நிலையில் கிரைண்டரால் தேய்க்க வேண்டாம். அந்தத் தூசி நஞ்சு. பானெட்டில் காந்தம் கொஞ்சமும் ஒட்டவில்லையென்றால் அது அலுமினியமாக இருக்கலாம். பழைய எம்ஜிபி-களில் அப்படித்தான்.

வெளிப்பக்கத்தை ஏமாற்றுகிறவர் உள்பக்கத்தை அவ்வளவு பொறுமையாக ஏமாற்றுவதில்லை. ஏப்ரன் தகட்டின் விளிம்பில் தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் 5–6 மி.மீ. அகல வட்டக் குழிகளாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசையாகப் போகும். அந்த வரிசை ஓரிடத்தில் நின்று கேஸ் வெல்டிங் கோடோ, பித்தளை மஞ்சளோ, தேய்த்து மட்டமாக்கிய பிளக் வெல்டோ (துளையை நிரப்பிய வெல்டிங்) தெரிந்தால் அந்தத் தகடு முன்பே மாற்றப்பட்டது. சீலண்ட் பூச்சு ஒரு பக்கம் மழமழவென்றும் மறுபக்கம் பிரஷ் தடத்தோடும் இருப்பதும் அதே கதைதான். சுத்தியல் தழும்பு, ஒடுக்கெடுக்கத் துளைத்த வரிசைத் துளைகள், போல்ட் தலையில் விழுந்த பெயின்ட் என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பே ஒருமுறை வளைத்து நிமிர்த்திய இரும்பு அந்த இடத்தில் இறுகிப்போயிருக்கும். இரண்டாம் முறை இழுக்கும்போது அங்கே நிமிராது. பக்கத்தில் வளையும் அல்லது விரிசல் விடும்.

மட்கார்டைக் கழற்றும்போது போல்ட்டுக்கு அடியில் ஷிம் தகடுகள் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பையில் போட்டு எண் எழுதவும். பெட்டியில் கொட்டிவிடுகிறவர்கள் பிறகு மட்கார்டைப் பொருத்தும்போது மணிக்கணக்கில் வருத்தப்படுவார்கள். ஒரு பக்கம் ஒரே ஷிம், மறுபக்கம் ஐந்து என்று இருந்தால், வளைந்த கட்டமைப்பை யாரோ ஷிம் வைத்து மறைத்திருக்கிறார்கள்.

இப்போது அளவு. இதில் அவசரப்பட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். கார் சமதளத்தில், நான்கு ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும். ஸ்டாண்டுகள் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியிலோ அதை ஒட்டிய ஜாக்கி இடங்களிலோ இருக்கட்டும். முன் ரயிலின் கீழ் வைத்தால் நீங்கள் அளக்க வந்ததையே தாங்கிப் பிடித்துவிடுவீர்கள். இரண்டு சில்களின் மேலும் ரசமட்டம் வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் அறைக்குள் முதல் அளவு மூலைவிட்டம். இடது சஸ்பென்ஷன் டவரின் ஒரு போல்ட்டிலிருந்து ரேடியேட்டர் சட்டத்தின் வலது முனையிலுள்ள ஒரு தொழிற்சாலைத் துளைவரை, பிறகு வலது டவரிலிருந்து இடது முனைவரை. 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். 5–6 மி.மீ.க்கு மேல் போனால் முன்பகுதி கோணிவிட்டது. ரேடியேட்டர் சட்டம் மட்டும் நசுங்கியிருந்தாலும் இதே வித்தியாசம் வரும் என்பதால், அடுத்ததாக ஃபயர்வாலின் மூலைகளிலிருந்து எதிர்ப்பக்க டவருக்கு அளக்கவும். அங்கே சமமாக இருந்து முன்னால் மட்டும் மாறினால் சேதம் டவருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இந்த ஒரு ஒப்பீடு பல நேரம் முழுப் பதிலையும் கொடுத்துவிடும். துளையின் மையத்தைக் கண்ணால் குறிபார்க்க வேண்டாம். இரண்டு துளைகளும் ஒரே விட்டம் என்றால் இதன் இடது விளிம்பிலிருந்து அதன் இடது விளிம்புக்கு அளந்தால் மையத்துக்கு மையம் அளந்த கணக்குத்தான். எஞ்சின் குறுக்கே இருக்கும்போது டேப் வளையும். இரண்டு முனையிலும் நகரும் முள் வைத்த நீளக்கோல் ஒன்றைச் செய்துகொள்வது நல்லது.

அடிப்பாகத்துக்குத் தூக்குக்குண்டே போதும். இருபக்கமும் ஜோடியாக உள்ள புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: ரயிலின் முன்முனைத் துளை, கிராஸ்மெம்பர் (ரயில்களை இணைக்கும் குறுக்குச் சட்டம்) போல்ட், ரயில் தரையோடு சேரும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம். ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறி போடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, பின்பாதியின் நடுப்புள்ளிகள் வழியாகச் சாக்குக்கட்டி நூலை முன்னோக்கி இழுத்து அடித்தால் காரின் மையக்கோடு கிடைக்கும். முன் ஜோடிகளின் நடுப்புள்ளி அந்தக் கோட்டைவிட்டு விலகினால் முன்பகுதி பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. நடுப்புள்ளி கோட்டின் மேலேயே இருந்து இடது ரயிலின் நீளம் மட்டும் குறைந்திருந்தால் ரயில் நசுங்கிச் சுருங்கியிருக்கிறது. உயரத்தையும் மறக்க வேண்டாம்: ஒவ்வொரு புள்ளியும் தரையிலிருந்து எவ்வளவு என்று எழுதி இடது வலது ஒப்பிட்டால் மேலே ஏறியதும் கீழே தொங்கியதும் தெரியும்.

பட்டறைக் கையேட்டில் பாடி அளவுப் படம் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். அதைப் படிப்பதில் பலரும் சறுக்குவது ஓரிடத்தில். அந்தப் படங்களில் பல அளவுகள் மேலிருந்து பார்த்த கிடைத்தூரம். உங்கள் டேப் அளப்பது புள்ளிக்குப் புள்ளி நேர்த்தூரம். கிடையாக 1500 மி.மீ. விலகியுள்ள இரண்டு புள்ளிகளுக்கு உயரத்தில் 200 மி.மீ. வித்தியாசம் இருந்தால் டேப் 1513 காட்டும். ரயில் 13 மி.மீ. நீண்டுவிட்டதாக நினைத்து அதை ‘சரிசெய்ய’ப் போனால் நல்ல காரைக் கெடுத்துவிடுவீர்கள். தரையில் தூக்குக்குண்டு போட்ட குறிகளுக்கு இடையே அளந்தால் இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் அது கிடைத்தூரம்தான்.

சக்கரங்களை மாட்டி, ஸ்டியரிங்கை நேராக்கி, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இருபக்கமும் அளந்தால் இன்னொரு சாட்சி. இடது பக்கம் 5–6 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் காரணம் தேட வேண்டும். ரெனோ 4 வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம்: பின் டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் தண்டுகள்) ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே போவதால் அந்தக் காரில் இருபக்க வீல்பேஸும் ஏறக்குறைய 5 செ.மீ. வித்தியாசப்படும், பிறவியிலேயே.

அடி சக்கரத்தில் பட்டிருந்தால் அலைன்மென்ட் இயந்திரத்தில் ஏற்றி டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்க்காமல் கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) கிங்பின் சாய்வையும் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது அந்தப் பக்கத்தின் மொத்தக் கோணம். இடது வலது மொத்தம் சமமாக இருந்து, தனித்தனி எண்கள் மட்டும் மாறியிருந்தால் ஸ்டப் ஆக்ஸில் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) நலம். அதைப் பிடித்திருக்கும் கிராஸ்மெம்பரோ டவரோ நகர்ந்திருக்கிறது. மொத்தமே மாறினால் ஸ்டப் ஆக்ஸில் அல்லது அதன் தாங்கி வளைந்துவிட்டது. வளைந்த ஸ்டப் ஆக்ஸில், ஸ்டியரிங் ஆர்ம், டை ராடு எதையும் சூடாக்கியோ தட்டியோ நிமிர்த்தக் கூடாது. புதிதாக மாற்றுவதுதான் வழி. பட்டறைக்காரர் ‘அதெல்லாம் நிமித்திரலாம்’ என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் காலம் (வீலிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸ்வரை போகும் பகுதி) மடங்காத ஒரே நீளத் தண்டு. ஸ்டியரிங் பாக்ஸ் முன்னால் இருக்கும். பாக்ஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டால் ஸ்டியரிங் வீல் ஓட்டுநர் பக்கம் நகரும். டேஷ்போர்டிலிருந்து வீல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதே மாடலின் நல்ல காரோடு ஒப்பிடுங்கள். வீலைச் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் இறுகினால் தண்டு வளைந்திருக்கலாம்.

எஞ்சினும் ஓர் எடைக்கல் போல முன்னால் பாய்ந்திருக்கும். ரேடியேட்டரின் உள்முகத்தில் விசிறி கீறிய வட்டம் இருக்கிறதா, எஞ்சின் மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா, கியர்பாக்ஸின் பின் மவுன்ட் காதுகளிலும் பெல் ஹவுசிங்கிலும் (கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் கூடு) விரிசல் இருக்கிறதா பாருங்கள். வார்ப்பு அலுமினியத்தில் மயிரிழை விரிசலைக் கண் தவறவிடும்; விரிசல் காட்டும் சாயத்தை அடித்துப் பார்ப்பது நல்லது. கிராஸ்மெம்பர் போல்ட்டின் வாஷரைச் சுற்றிப் பிறை வடிவில் பளிச்சென்று புது இரும்பு தெரிந்தால் அங்கே இரண்டு பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியிருக்கின்றன.

துருவை அடியோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பேட்டரித் தட்டின் கீழ், ஹெட்லைட் கிண்ணத்தின் பின்னால் சேறு தங்கும் இடம், மட்கார்டின் கீழ்ப் பின்மூலை, ரேடியேட்டர் சட்டத்தின் அடிக்கட்டை, ரயிலின் உள்பக்கம் ஆகிய இடங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தகடு அடிபட்டால் மடியும். துருப்பிடித்தது வெல்டிங் வரிசையிலேயே கிழியும். அதை இழுவை பெஞ்சில் மாட்டி இழுத்தால் கொக்கியோடு கையில் வந்துவிடும். துரு பரவிய ரயிலை நிமிர்த்திக் காப்பாற்றும் திட்டம் எதுவும் தேறாது. அதை மாற்றுவதாகவே எழுதுங்கள்.

ரயில் சீரான வளைவாக வளைந்திருந்தால் இழுத்து நிமிர்த்தலாம். இந்தக் கார்களின் மென் இரும்பு அதற்கு ஒத்துழைக்கும். கூர்மையாக மடிந்து, மடிப்பின் ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்து, தகட்டில் கிழிசலும் தொடங்கியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். ஆனால் வெட்டுவது இழுத்த பிறகுதான். இங்கேதான் ஆர்வக்கோளாறு அதிகம்: நசுங்கிய ரேடியேட்டர் சட்டம் எப்படியும் குப்பைதானே என்று முதல் நாளே அறுத்துவிடுகிறார்கள். அந்தக் குப்பைதான் இழுப்பதற்கான பிடி. இரண்டு ரயில்களையும் அது இணைத்திருக்கும்போது, அடி வந்த திசைக்கு நேர் எதிராக இழுத்தால் பின்னாலிருக்கும் ஏப்ரனும் டவரும் கூடவே திரும்பி வரும். அறுத்துவிட்டால் ஒவ்வொன்றையும் தனியாக இழுக்க வேண்டியதுதான். கொஞ்சம் இழுத்து, விட்டு, அளந்து, மறுபடி இழுப்பதே முறை; இரும்பு சற்றுத் திரும்பிப் போகும் என்பதால் இலக்கை ஓரிரு மில்லிமீட்டர் தாண்டி இழுக்க வேண்டியிருக்கும்.

வெளித்தகடுகளுக்கு வருவோம். பழைய மட்கார்டு பெரும்பாலும் 0.9–1.0 மி.மீ. தகடு, இன்றைய கார்களைவிடக் கனம். டிங்கரிங்குக்கு நல்ல மனசுள்ள இரும்பு. முகட்டுக் கோடும் ஹெட்லைட் கிண்ணமும் தப்பித்திருந்தால் ஒரிஜினலையே சரிசெய்வது மேல். கிண்ணம் உள்ளே மடங்கி, தகடு நீண்டு, விரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால் மாற்றுவதே லாபம். பானெட்டில் மேல்தகட்டைவிட அடிச்சட்டத்தைப் பாருங்கள். சட்டம் மடிந்த பானெட்டை மேலே எவ்வளவு மழுப்பினாலும் மூடும்போது மூலை தூக்கும். கைவசமுள்ள மாற்றுச் சாமான்களைத் தற்காலிகமாக மாட்டிப் பார்க்காமல் பழையதை எறிய வேண்டாம். இன்று அச்சடித்து வரும் மாற்றுத் தகடுகளில் துளை தள்ளியிருப்பதும் வளைவு சப்பையாக இருப்பதும் சகஜம். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு விளக்கின் துளையும் கிரில் பிடிக்கும் இடமும் மாறும்.

செலவுக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது கிரில், அதன் மினுக்குப் பட்டைகள், விளக்கு வளையம், சின்னங்கள். துத்தநாகக் கலவை வார்ப்பு உடைந்தால் ஒட்டவைப்பதும் மறுபடி குரோம் ஏற்றுவதும் தேர்ந்த கைகளுக்கே கடினம். சில மாடல்களுக்கு மட்கார்டு கிடைக்கும், கிரில் கிடைக்காது. ரயில் வேலையைத் தொடங்கும் முன்பே இந்தச் சில்லறைகளின் பட்டியலைப் போட்டு, எது கிடைக்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.

உங்கள் காருக்கு என் கணிப்பு: மட்கார்டைக் கழற்றியதும் கதவு ஒழுங்காக மூடி, ஃபயர்வாலுக்கும் டவருக்கும் இடையிலான மூலைவிட்டங்கள் சமமாக வந்தால் தாராளமாகச் சரிசெய்யலாம், வேலை டவருக்கு முன்னாலேயே முடிந்துவிடும். டவர் நகர்ந்து தூண் நகராமல் இருந்தால் பெஞ்ச் வைத்த பட்டறையும், துரு இல்லாத ரயிலும் இருந்தால் மட்டும் வேலையில் இறங்குங்கள். தூணும் கூரையும் போயிருந்தால், மிக அரிய மாடலாக இல்லாத பட்சத்தில், அதை உதிரி பாகத்துக்கான காராக மட்டுமே மதிப்பிடுங்கள்.

ஏப்ரனையோ ரயிலையோ வெட்டுவதாக இருந்தால் அதற்கு முன் சேஸிஸ் எண் எங்கே பொறித்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பழைய மஸ்டாங்கில் அது ஏப்ரனின் மேல்விளிம்பிலேயே இருக்கிறது. வேறு சில கார்களில் ஃபயர்வாலில் இருக்கும். எண் உள்ள தகட்டை வெட்டி வேறு காரின் தகட்டைப் பற்றவைத்தால் காரின் அடையாளமே சிக்கலாகும், பதிவு செய்வதிலும் விற்பதிலும் தொல்லை வரும். அந்தத் துண்டை விட்டுவைத்துச் சுற்றி வெட்ட முடியுமா என்று முதலில் திட்டமிடுங்கள். முடியாதென்றால் உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தின் விதியை எழுத்தில் வாங்கிய பிறகே கிரைண்டரை எடுங்கள்.